படிவத்தில் அடங்காத துறை

1963இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி' இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும், அவரிடம் பயின்ற சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இரு இளைஞர்களும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகப் பிணைந்த நீண்ட சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பிணைப்புகள் தாராளமாகச் சுழலக்கூடியவை. அந்த இரண்டு கோணங்களும் எந்தெந்த மதிப்புகளை எடுக்கலாம், எவற்றை எடுக்கவே முடியாது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அணுக்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்க முடியாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோணத்துக்கும் அணுக்களிடையே உள்ள தூரத்தை மேசைக் கணக்குப்பொறியில் போட்டுப் பார்த்தார்கள். சாத்தியம் என்று நினைத்த வடிவங்களில் பெரும்பகுதி அடிபட்டுப்போயிற்று. மிஞ்சிய சிறு பகுதிகளைக் காட்டும் படத்தை இன்று உலகம் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்கிறது. எங்கே ஒரு புதிய புரத வடிவம் கண்டறியப்பட்டாலும் அது சரிதானா என்று இந்தப் படத்தில் வைத்துப் பார்ப்பது இன்றும் வழக்கம்.

இந்தக் கேள்வி அவர்களுக்கு எப்படி வந்தது என்பது, ஆராய்ச்சிக்குள் நுழைய நினைக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை. 1952இல் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ராமச்சந்திரன். சென்னைக்கு வந்திருந்த படிகவியலர் ஜே. டி. பெர்னால் கொலாஜன் புரதத்தின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோலிலும் எலும்பிலும் இருக்கும் புரதம் அது; பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் முன்வைத்த மூவிழைச் சுருள் வடிவம் 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. பிரான்சிஸ் கிரிக் தரப்பிலிருந்து ஆட்சேபம் எழுந்தது: உங்கள் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்றார்கள். அப்படியானால் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் குழு அதுவரை வெளிவந்த படிகக் கட்டமைப்புகளை எல்லாம் தேடியெடுத்து, உண்மையான மூலக்கூறுகளில் அந்தத் தூரங்கள் எவ்வளவு என்று திரட்டியது. அந்தத் திரட்டிலிருந்து வந்ததுதான் 1963ஆம் ஆண்டுக் கட்டுரை. பிறர் அளந்து வெளியிட்ட தரவை வாங்கி, அதன்மீது கணக்குப் போட்டு, உயிரியலுக்கு விடை சொல்வது: இன்று கணினிசார் உயிரியல் என்று நாம் சொல்லும் வேலை முழுவதும் அதில் இருக்கிறது. அந்தப் பெயர்தான் அப்போது இல்லை. அவர்கள் இயற்பியல் துறைக்காரர்கள்.

இதை இங்கே சொல்லக் காரணம் பெருமை பேசுவதல்ல. கணினியும் உயிரியலும் சேரும் இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்கும் அதற்கு அடுத்த முதுமுனைவர் ஆய்வுக்கும் வாய்ப்புகள் என்னென்ன என்று கேட்டால், நம்மூரில் உடனே உதவித்தொகைகளின் பட்டியலும் கடைசித் தேதிகளும்தான் கைக்கு வருகின்றன. பட்டியல் தேவைதான். ஆனால் இந்தத் துறையில் பெயர் வாங்கியவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லோரும் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குக் கடந்துவந்தவர்கள். நம் தேர்வுகளும் படிவங்களும் நியமன விதிகளுமோ கடந்துவருபவரை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல. அந்த உரசல்தான் இங்கே உண்மையான சிக்கல்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். 1976இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். வாங்கிய கையோடு, தனக்குப் பிடித்தது இயற்பியல் இல்லை என்று முடிவுசெய்து, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் உயிரியல் மாணவராக மறுபடியும் சேர்ந்தார். பட்டம் பெற்றவர், திருமணமானவர், முதலிலிருந்து பாடம் படிக்க உட்கார்ந்தார். இரண்டாவது பட்டத்தை முடிக்கவும் இல்லை. 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் முதுமுனைவர் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கேதான் செல்லில் புரதங்களைக் கட்டும் ரைபோசோம் அவர் கைக்கு வந்தது. அதன்பின் பேராசிரியர் வேலைக்கு ஐம்பது இடங்களுக்குப் பக்கம் விண்ணப்பித்தும் ஒன்றும் கிடைக்காமல், தேசிய ஆய்வகங்களில் காலம் தள்ளினார். 2009இல் ரைபோசோம் ஆய்வுக்காக வேதியியல் நோபல். இயற்பியலில் பட்டம், உயிரியலில் வேலை, வேதியியலில் பரிசு. இவருடைய தற்குறிப்பை நம்முடைய ஏதாவதொரு பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவின் முன் பெயரை மறைத்து வைத்தால், 'உரிய பாடத்தில் முதுகலை' என்ற கட்டத்திலேயே ஓரம் கட்டிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு வாழ்க்கை, நம் காலத்தது. 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் ஜான் ஜம்பர். இயற்பியலும் கணிதமும் படித்தவர். கேம்பிரிட்ஜில் எம்ஃபில் முடித்ததும் படிப்பை விட்டுவிட்டு, நியூயார்க்கில் டி. இ. ஷா ரிசர்ச் நிறுவனத்தில் சேர்ந்தார். புரதங்களின் அசைவைக் கணக்கிடவென்றே தனிக் கணினிகள் கட்டிய இடம் அது. பின்பு முனைவர் பட்டத்துக்காகச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அந்தக் கணினிகள் அவரிடம் இல்லை. குறைந்த கணிப்புச் சக்தியை வைத்து அதே வேலையைச் செய்ய வேண்டிய கட்டாயத்தில்தான் இயந்திரக் கற்றல் பக்கம் திரும்பினார். 2017இல் பட்டம், அதே ஆண்டு டீப்மைண்டில் வேலை, 2020இல் அங்கே உருவான ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருளின் இரண்டாம் பதிப்பு, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் 'கேஸ்ப்' என்ற புரத வடிவக் கணிப்புப் போட்டியில் மற்ற எல்லா முறைகளையும் வெகுதூரம் பின்தள்ளியது. வசதி குறைந்த ஆய்வகத்தில் சேர நேர்ந்ததே என்று வருந்தும் மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. ஆனால் வறுமை எல்லோருக்கும் இப்படிப் பலிப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆல்ஃபாஃபோல்டைப் பற்றிய பேச்சில் அடிக்கடி விட்டுப்போகும் பாதி ஒன்று உண்டு. அது கற்றுக்கொண்டது 1971இல் வெறும் ஏழு கட்டமைப்புகளுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கியிலிருந்து. 2020இல் அங்கே ஏறக்குறைய 1,70,000 கட்டமைப்புகள் சேர்ந்திருந்தன. அவற்றில் பல, யாரோ ஒரு முனைவர் பட்ட மாணவரின் நான்கைந்து ஆண்டு உழைப்பு: புரதத்தைச் சுத்திகரித்து, படிகம் வளரக் காத்திருந்து, வளராமல் போனால் மறுபடி தொடங்கி, கடைசியில் எக்ஸ்-கதிர் படம் எடுத்து. சோதனைக்கூடத்தில் நடந்த ஐம்பதாண்டு 'வெட் லேப்' உழைப்பின் மேல்தான், கணினியில் மட்டும் வேலை செய்யும் 'டிரை லேப்'காரர்களின் வெற்றி நிற்கிறது. 2022 முதல் 20 கோடிக்கும் அதிகமான புரதங்களின் கணிப்பு வடிவங்கள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. எனவே இன்று ஒரு மாணவர், கிடைக்கும் புரதத்தின் வடிவத்தை மென்பொருளில் போட்டு எடுத்து, மருந்து மூலக்கூறு ஒன்றைப் பொருத்திக் காட்டி ஆய்வேடு எழுதினால், அது எவரும் ஒரு மடிக்கணினியில் செய்யக்கூடிய வேலை. நம் பல்கலைக்கழகங்களில் இப்படிப்பட்ட 'டாக்கிங்' ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றை யாரும் சோதனைக் குழாயில் சரிபார்க்கவில்லை. இந்தத் துறையில் வாய்ப்பு இருப்பது, வேறெவரிடமும் இல்லாத தரவு எங்கே இருக்கிறதோ அங்கே.

அப்படிப்பட்ட தரவு நம் பக்கத்திலேயே இருக்கிறது. காசநோயை எடுத்துக்கொள்ளலாம். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. நோயாளியை மருத்துவமனையில் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்கு நிரூபித்த இடம் அது. அந்தக் கிருமியின் மரபணுத்தொகை 1998இல் படிக்கப்பட்டது: 44 லட்சம் எழுத்துகள், சுமார் 4,000 மரபணுக்கள். ஒரு கிருமி எந்த மருந்துக்கு மசியாது என்பதை அதன் மரபணு எழுத்துகளிலிருந்தே கணிக்கும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. ஆனால் காசநோய்க் கிருமியில் பல பரம்பரைகள் உண்டு. தென்னிந்தியாவில் மிகுதியாக இருப்பது முதலாம் பரம்பரை. உலகத் தரவுத் தொகுப்புகளில் மிகுதியாக இருப்பவை இரண்டாவதும் நான்காவதும். அங்கே கற்ற மென்பொருள் இங்கே வரும் நோயாளியின் கிருமிக்கு எவ்வளவு சரியாகச் சொல்லும்? நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் சளி மாதிரியைக் கையாளத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால்தான் தொடக்கூடிய, நான்கைந்து ஆண்டு உழைப்புக்குத் தகுதியுள்ள கேள்வி இது.

இத்தகைய தரவுக்கு இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள். ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. கருவில் வளரும் மனித மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொரு செல்லும் தெரியும் அளவுக்குப் படமெடுத்த 5,132 சீவல்களை எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்ப்பது எளிது; ஆனால் அதில் செல்களை எண்ணி, வகைபிரித்து, எந்த வாரத்தில் எது எங்கே நகர்கிறது என்று சொல்ல நரம்பியலும் படப் பகுப்பாய்வும் இரண்டும் தெரிந்தவர் வேண்டும். ஜீனோம் இந்தியா திட்டம் சேர்த்த சுமார் பத்தாயிரம் இந்தியர்களின் முழு மரபணுத்தொகை, ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் 2025 ஜனவரி முதல் ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெறும்படி இருக்கிறது. ஐரோப்பியர்களின் மரபணுவை வைத்துக் கணித்த நோய் அபாய மதிப்பீடுகள் நமக்குப் பொருந்துமா என்பது அதில் காத்திருக்கும் பல வேலைகளில் ஒன்று.

இனி, உள்ளே நுழையும் வாசல்கள். சிஎஸ்ஐஆர் நடத்தும் நெட் தேர்வில் ஐந்து தாள்கள்: வேதியியல், புவி அறிவியல், உயிர் அறிவியல், கணிதம், இயற்பியல். கணினிசார் உயிரியல் என்று ஒரு தாள் கிடையாது. பி.டெக். கணினி அறிவியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வர நினைப்பவர் இந்த ஐந்தில் எதை எழுதுவார்? கேட் தேர்வு சற்றுத் தாராளம். பெங்களூரு என்சிபிஎஸ் உள்ளிட்ட டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் உயிரியல் பிரிவுகளுக்கான, 'ஜீபில்ஸ்' என்று மாணவர்கள் சுருக்கிச் சொல்லும் தேர்வை எந்த அறிவியல் பட்டதாரியும் எழுதலாம். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணினிசார் உயிரியலுக்கென்றே முனைவர் பட்டப் பிரிவு இருக்கிறது. இயற்பியல், கணிதம், பொறியியல் படித்தவர்களுக்கும் அங்கே வழி உண்டு. ஹைதராபாத், டெல்லி ஐஐஐடிகளிலும் இப்படியே.

பணம்: இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் முதுநிலை உதவித்தொகை (எஸ்ஆர்எஃப்) 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்த தொகை இது. அதற்கு முன் 31,000ஆக இருந்ததை இந்த அளவுக்கு உயர்த்தவே மாணவர்கள் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. பிரதமர் ஆய்வு உதவித்தொகை 70,000இல் தொடங்கியது. ஒரே ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசையில் அமர்ந்து ஒரே வேலை செய்யும் இருவருக்கு இப்படி ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம் இருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. தொகையைவிட முக்கியம் அது யாருடைய பெயரில் வருகிறது என்பது. தேர்வெழுதி வாங்கிய உதவித்தொகை உங்களுடையது; கைடோடு ஒத்துப்போகவில்லை என்றால் எடுத்துக்கொண்டு வேறிடம் போக ஓரளவுக்கு வழியுண்டு. புராஜெக்ட் ஃபெல்லோவாகச் சேர்ந்தவருக்குப் புராஜெக்ட் முடியும் நாளில் பணமும் நின்றுவிடும், ஆய்வேடு பாதியில் இருந்தாலும்.

கைடைத் தேர்ந்தெடுப்பது நம்மூரில் பெரும்பாலும் 'காலியிடம் இருக்கிறதா' என்று கேட்பதோடு முடிந்துவிடுகிறது. என்சிபிஎஸ் போன்ற இடங்களில் முதலாண்டில் மாணவர் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டுப் பிறகுதான் முடிவுசெய்கிறார். அந்த வசதி இல்லாத பல்கலைக்கழகத்தில் சேர்பவர், சேருமுன்பே அங்கே இருக்கும் சீனியர்களிடம் தனியாகப் பேசிப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டியவை சாதாரணக் கேள்விகள்தான். முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? தரவு எங்கிருந்து வருகிறது, கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு? கணித்ததைச் சோதித்துப் பார்க்கக் கூட்டாளி ஆய்வகம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டும். துறைகடந்த தலைப்புக்கு வெளித்துறையிலிருந்தோ வெளி நிறுவனத்திலிருந்தோ இணை நெறியாளர் வைத்துக்கொள்ள யுஜிசி விதிகளே இடம் தருகின்றன. கேட்டு வாங்குபவர்கள் குறைவு. சில துறைகளில் கேட்டாலே முகம் மாறும்.

முனைவர் பட்டத்துக்கு அப்புறம் வரும் போஸ்ட்டாக் காலம், இந்தத் துறையில் கடந்துசெல்வதற்கு இன்னொரு தருணம். கணினிக்காரர் பைப்பெட்டைப் பிடிக்கக் கற்பதும், உயிரியல்காரர் புள்ளியியலில் இறங்குவதும் இப்போதுதான் நடக்கும். இந்தியாவுக்குள் ரிசர்ச் அசோசியேட் பதவிக்கு மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை கிடைக்கிறது. இந்தியா அலையன்ஸின் தொடக்கநிலை உதவித்தொகைக்கு ஆய்வேட்டின் கடைசி ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம். போட்டி கடுமை, ஆனால் கிடைத்தால் சொந்தக் கேள்வியைத் தொடரும் சுதந்திரம் உண்டு. இந்தியாவில் போஸ்ட்டாக்கை 'வெளிநாடு கிடைக்காதவர்கள் செய்வது' என்று பார்க்கும் மனப்பான்மை பேராசிரியர் தேர்வுக் குழுக்களில் இன்னும் போகவில்லை.

வெளிநாடு என்றால் நேற்றுவரை அமெரிக்காதான். அங்கே நிலவரம் 2025இல் தலைகீழானது. பிப்ரவரியில் தேசிய சுகாதார நிறுவனம் ஆய்வு மானியங்களில் மறைமுகச் செலவுக்குத் தரும் பங்கை 15 விழுக்காட்டுக்குள் அடக்கப்போவதாக அறிவித்தது. வழக்குகள் தொடர்ந்தன, இதற்கிடையே பல பல்கலைக்கழகங்கள் புதிய மாணவர் சேர்க்கையைக் குறைத்தன. செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஜே-1 விசாவில் போகும் இந்தியர் பலர் படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு ஊர் திரும்பியே ஆக வேண்டும் என்றிருந்த பழைய கட்டுப்பாடு, 2024 டிசம்பரில்தான், அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நாடுகளின் 'திறன் பட்டியலி'லிருந்து இந்தியாவை நீக்கியபோது, தளர்ந்தது. ஒரு கதவு திறந்த சில வாரங்களிலேயே பக்கத்துக் கதவுகள் சாத்தப்படத் தொடங்கின.

ஐரோப்பாவில் கூட்டம் கூடியிருக்கிறது. ஜெர்மனியில் முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் ஒப்பந்தச் சம்பளம் வாங்கும் ஊழியர். அதில் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் அடக்கம். பிரிட்டனில் அரசு உதவித்தொகை 2025–26க்கு ஆண்டுக்கு 20,780 பவுண்டு, லண்டனில் கூடுதல். முதுமுனைவர்களுக்கான மரி ஸ்க்லோடோவ்ஸ்கா-க்யூரி உதவித்தொகைக்கு 2024இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். சுமார் 1,700 பேருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் மேலும் பெருகின. இதற்கு நாட்டுரிமை தடையில்லை. பட்டம் பெற்று ஆராய்ச்சியில் எட்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. போக நினைக்கும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. துறை மாறி வருவதை இந்த விண்ணப்பத்தில் குறையாகப் பார்ப்பதில்லை. புதிதாக என்ன கற்கப்போகிறாய், நீ அந்த ஆய்வகத்துக்கு என்ன கற்றுத்தரப்போகிறாய் என்று இரண்டையும் கேட்கிறார்கள். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் உதவித்தொகை மாதம் 3,62,000 யென் தருகிறது. அங்கே போட்டியைவிட மொழிதான் பலரைத் தயங்க வைக்கிறது.

திரும்பி வருபவருக்கு ராமலிங்கசுவாமி மறுவருகைத் திட்டம், இன்ஸ்பயர் ஃபேகல்டி என்று சில பாலங்கள் உண்டு. இரண்டுமே ஐந்தாண்டுக் காலத்துக்கானவை. அதற்குள் நிரந்தர வேலை அமையாவிட்டால், நாற்பதை நெருங்கும் வயதில் மறுபடி விண்ணப்பம். மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் வேலைக்கு வரும்போது, உயிரித் தகவலியல் பட்டம் விலங்கியலுக்கோ உயிர்வேதியியலுக்கோ கணினி அறிவியலுக்கோ இணையானதா என்று இணைத்தன்மைச் சான்று கேட்டு அலைய வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு விதிகள் இந்த ஒரு விஷயத்தில் நல்லதைச் செய்யப் பார்த்தன: இளங்கலை, முதுகலைப் பாடம் எதுவாக இருந்தாலும், முனைவர் பட்டமோ நெட்டோ எந்தப் பாடத்தில் இருக்கிறதோ அதில் ஆசிரியராகலாம் என்றன. அதே வரைவில் துணைவேந்தர் நியமனத்தில் மாநிலங்களின் பிடியைத் தளர்த்தும் பிரிவும் இருந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் அந்த ஜனவரியிலேயே வரைவைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தச் சண்டையில் துறை மாறி வந்தவர்களுக்கான அந்த ஒற்றை விதியைப் பற்றி, ஆதரித்தோ எதிர்த்தோ, பேசியவர்கள் அநேகமாக எவரும் இல்லை.